சுண்ணாம்பு பூசிய வேர்

இடப்பள்ளியில் ஒரு செடிக்கடையில் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மரக்கட்டையில் சிலந்திபோல் ஒட்டிக்கொண்டிருந்த ஆர்க்கிட். இலையே கிடையாது, வெறும் பச்சை வேர்கள்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் அதே செடி இருந்தது. நகராட்சியில் வேலை பார்த்த அப்பா, மழையில் முறிந்த கிளையோடு கொண்டுவந்து மாட்டியது. காலையில் சாயா குடிக்கும் முன்பே விரல்களால் அதற்குத் தண்ணீர் தெளிப்பார். வேர்கள் மெல்லச் சுவரிலும் ஊர்ந்தன.

எனக்கு ஒன்பது வயது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள் அம்மா. அழகாக இருக்கட்டுமென்று வேர்களுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. ஈரத்துணியால் ஒவ்வொரு வேராகத் துடைத்தார்.

மாசியில் அது கொத்துக்கொத்தாகப் பூத்தது. பக்கத்து வீட்டுச் சேச்சிகள் எல்லாம் பார்க்க வந்தார்கள்.

"நான் சுண்ணாம்படிச்சதாலதானேப்பா?"

"பின்னே? உன் கைராசி மோளே."

மழைக்கு முன்பே செடி காய்ந்துவிட்டது. வெயில் அதிகம் என்றார் அப்பா.

நாற்பது வருடப் பெருமையை அந்தக் கடைக்காரப் பெண்ணிடமும் சொன்னேன். அவள் பதறிப்போனாள்.

"ஐயோ அக்கா, இதுக்கு வேருதான் இலை, வாய் எல்லாமே. சுண்ணாம்படிச்சா செத்துரும். சாகப்போற செடி சில நேரம் கடைசியா அப்படிப் பூக்கும்."

கைராசி என்று சொன்னபோது அப்பா பூவைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.