கைராசிக்காரருக்கு வந்த காய்ச்சல்

ஊருக்கே ஊசி போடுகிற எனக்கு ஊசி என்றால் பயம். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் ஃப்ளூ தடுப்பூசி மருந்து வந்து என் கிளினிக் ஃப்ரிட்ஜில் உட்கார்ந்துவிடும். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று அதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பக்கத்தில் வைக்கவே கூடாத என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவேன். அந்த வருஷமும் அப்படித்தான் சாத்தினேன்.

அந்த ஐப்பசியில் முதலில் வந்தவர்கள் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள். ஒரே வேனில் வேலைக்குப் போகிறவர்கள், ஒரே வேனில் காய்ச்சலோடு வந்து இறங்கினார்கள். கரிசலில் மழை விழுந்து விதைப்பு நடக்கிற சமயம். ஈரத்துக் காய்ச்சல் என்று அவர்களும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். "காய்ச்சலையும் பெட்டியில அடச்சுக் குடுத்து அனுப்புதாகளா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தேன். அடுத்த வாரம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்து கயத்தாறு லாரி டிரைவர்கள். எல்லாருக்கும் ஒரே கதைதான். திடீரென்று காய்ச்சல், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, வறட்டு இருமல். இரண்டு பேரின் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஃப்ளூ என்று வந்தது.

வாசலில் நானே எழுதி ஒட்டினேன்: 'காய்ச்சல் உள்ளவர்கள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கவும்.' என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்ததால், சிஸ்டர் அதற்குக் கீழே இன்னொரு தாளில் திருப்பி எழுதினார்.

ஒட்டிய மறுநாள் எனக்குக் காய்ச்சல்.

நான் வீட்டில் படுத்திருக்க வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு, கைராசிக்காரர். நான் தொட்டால் சொகமாகிவிடும் என்பார்கள். அதெல்லாம் இல்லை என்று மறுத்துக்கொண்டே இன்னொரு தடவை சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பவன் நான். கைராசிக்காரருக்கே காய்ச்சல் என்று கதவைச் சாத்தினால் ஊர் சிரிக்காதா? இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மாஸ்க் தாடையில் கிடந்தது. அதை மேலே ஏற்றினால் நான் அடிக்கிற ஜோக் யாருக்கும் கேட்பதில்லை.

"தாடைக்குக் காய்ச்சல் வந்துரக் கூடாதுன்னா சார் போட்ருக்கீங்க?" என்றார் சிஸ்டர். அவர் சொன்னதற்கும் சிரித்தேன்.

அன்று நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். ஆடு வளர்க்கிற வீடு. மருமகளுக்கு ஏழாம் மாதம். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அனுப்பும் முன் கைராசிக்காரர் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். இங்கே பல வீடுகளில் அப்படி ஒரு வழக்கம். இருமுகிற கூட்டத்துக்கு நடுவில் காத்துக்கிடந்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற சின்ன மிஷினை வயிற்றில் வைத்தேன். அறை முழுக்கச் சத்தம்.

"இம்புட்டு வேகமா எங்க ஓடுது டாக்டரே?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஒங்கம்மா வீட்டுக்குத்தான். ஒனக்கு முந்தியே கெளம்பிருச்சு."

சிரித்தாள். கூடச் சேர்ந்து சிரிக்கப்போய் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை.

"ஒங்களுக்கு ஒடம்புக்குச் சொகமில்லையா?"

"எனக்கா? நோய்க்கு என்னையப் பாத்தா பயம்மா. புரையேறிருச்சு."

மாமியார் விடவில்லை. "தலையில கைய வச்சு ஒரு வார்த்த சொல்லுங்க டாக்டரய்யா."

வைத்தேன். "ஒண்ணும் ஆகாது" என்றேன். என் உள்ளங்கை சுட்டிருக்கும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் போட்டிருக்க வேண்டிய ஊசியும் அதே ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. ஜோக்கெல்லாம் ஞாபகம் இருந்த எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு இரைத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. காய்ச்சல் கண்டு ஐந்து நாள் என்றார் மாமியார். முதல் இரண்டு நாளில் வந்திருந்தால் அதற்கென்று இருக்கிற மாத்திரையைக் கொடுத்திருப்பேன்.

"ஏம்மா இத்தன நாளு வீட்ல வச்சிருந்தீங்க?" என்று கத்தினேன்.

"நீங்கதான கை வச்சு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீய? அந்தத் தைரியத்துலதான் இருந்துட்டோம்."

ஆக்சிஜன் வைத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினோம். அங்கே வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்துக்கொண்டது. தாய் மூன்றாம் நாள் போய்விட்டாள்.

யாரிடமிருந்து தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே அத்தனை பேர் இருமிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் யாராகவும் இருக்கலாம். இந்தச் சந்தேகம் படித்தவனுக்கு ரொம்ப வசதி. ஒரு மாதம் அதைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். பிறகு முடியாமல் அவள் புருஷனைத் தேடிப் போனேன்.

மழை ஓய்ந்து காடு பச்சையாகக் கிடந்தது. செருப்பில் அப்பிய கரிசல் மண்ணோடு யானை மாதிரி நடந்துபோய்ச் சேர்ந்தேன். அவர் ஆட்டுக்கிடை போட்டிருந்தார். கிடைக்கு வெகுதூரத்தில் ஓர் உடைமரத்தடியில் ஒற்றை ஆடு கட்டிக் கிடந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், "அது ஏம்பா தனியா நிக்குது?" என்று கேட்டேன்.

"இருமுது சார். மத்ததுக்கும் தொத்திரும்லா."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆட்டைப் பற்றிக் கேட்டேன், ஆட்டைப் பற்றிச் சொன்னார். வழியெல்லாம் நான் கோத்துக்கொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"ஒங்க வீட்லயிருந்து வந்த அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இருந்துச்சுப்பா. ஒன் வீட்டுக்காரி கேட்டா. நான் மறைச்சிட்டேன்."

அவர் ஆடுகளைப் பார்த்தபடியே சொன்னார்:

"டாக்டர் கை சுடுதுன்னு அவ அன்னைக்கே சொல்லிட்டா சார்."