இடது கால் மட்டும் பிடித்த பேண்ட்

என் பேத்திக்கு இரண்டு மாதம். என் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரிக்கிறாள். அப்போது எனக்குத் தலைகால் புரிவதில்லை. ஆனால் அவளுடைய இன்னொரு தாத்தாவை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் என் சம்பந்தி. என் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். அவருக்குச் சலூன், பக்கத்துக் கடையில் எனக்குத் தையல். முப்பத்தொரு வருடத்தில் அவர் கடைக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு நாற்காலியும் காலியாகக் கிடந்தாலும் நின்றுகொண்டே இருப்பார்.

"நாற்காலி வர்றவங்களுக்கு, சம்பந்தி. நான் உக்காந்திருந்தா கடை ஓடலைன்னு தாண்டிப் போயிடுவாங்க."

வலித்தால் ஒரு காலை மடக்கிக்கொண்டு வெட்டுவார். தெருவில் அவருக்குக் 'கொக்கு' என்று பேர்.

இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பது எனக்குத் தெரியும். பல வருடமாக இருக்கிறது. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

போன வாரம் ஒரு பேண்ட்டோடு வந்தார். "இடது பக்கம் மட்டும் ரெண்டு விரல் பிரிச்சு விடுங்க. பிடிக்குது."

எத்தனை பேருக்கு அளவெடுத்திருப்பேன். ஒரு கால் மட்டும் பெருக்குமா?

"காலைக் காட்டுங்க."

"பேண்ட்டைத் தைக்கச் சொன்னா காலை எதுக்குக் கேக்கறீங்க?"

நானே குனிந்து துணியைத் தூக்கினேன். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சிவந்து, கயிறு மாதிரி விறைத்துக் கிடந்தது. தொட்டால் சுட்டது. மேலே எண்ணெய் பளபளத்தது.

"நாலு நாளா நீவி விடறேன். எத்தனை பேர் தலையைப் பிடிச்சு விட்ட கை இது. இதைக் கரைக்காதா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா பார்த்ததும் முகம் சுளித்தார்.

"நரம்பு வீங்கி, உள்ளே ரத்தம் உறைஞ்சிருக்கு. யார் தேய்ச்சது?"

சம்பந்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். நல்லவேளை, உறைந்த ரத்தம் தொடை வரை ஏறவில்லை. "ஆழத்துல இருக்கிற பெரிய குழாய்க்குள்ள போனா, துண்டு உடைஞ்சு நுரையீரலை அடைச்சிடும்" என்றார். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கால் முழுக்க வீங்கினாலோ உடனே ஓடி வரச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடுக்க வேண்டும். காலை இறுக்கிப் பிடிக்கிற உறை போட வேண்டும். தேய்க்கவே கூடாது. படுத்தே கிடக்கவும் கூடாது, அடிக்கடி நடக்க வேண்டும். ஒரே இடத்தில் நிற்கத்தான் கூடாது. உட்கார்ந்தால் காலை உயரத்தில் வைக்க வேண்டும்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். "நீங்க பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தா, அந்தக் குழந்தைக்கு நான் ஒருத்தன் போதுமா?"



மறுநாள் காலை எட்டிப் பார்த்தால், காலுறையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார் மனுஷன். கடையில் ஆளே இல்லை. இரண்டு நாற்காலியும் சும்மா கிடக்கின்றன.

"உக்காருங்கய்யா."

"உக்காந்து பொழைக்கிறவருக்கு நிக்கிறவன் கஷ்டம் தெரியாது."

எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தரிக்கோலை எடுத்திருப்பேன். எடுக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன். பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியை, மகளிடம் சொல்லிவிட்டு, துணியோடு தூக்கி வந்தேன்.

"பிடிங்க."

பேத்தி என்றதும் கை தானாக நீண்டது. அவளைக் கையில் கொடுத்து, தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தேன். அடுத்த நாற்காலியை எதிரே இழுத்து, தலையணை போட்டு, அந்தக் காலைத் தூக்கி மேலே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வழக்கமாகச் சவரத்துக்கு வருகிற கறிக்கடைக்காரர் நுழைந்தார். சம்பந்தி துள்ளி எழப் பார்த்தார். பேத்தி சிணுங்கினாள். அப்படியே அடங்கிவிட்டார்.

"என்ன, கொக்கு உக்காந்திருக்கு?"

"சத்தம் போடாதீங்க, தூங்கறா" என்றார் சம்பந்தி, கிசுகிசுப்பாக.

கறிக்கடைக்காரர் நின்றார். சம்பந்தி உட்கார்ந்திருந்தார். என் கோபம் இன்னும் தீரவில்லை. தினமும் இதே நேரத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டு, என் மெஷினுக்குப் போனேன். கால் வீக்கம் வடியட்டும் என்று அந்த பேண்ட்டை மட்டும் பிரிக்கவே இல்லை.