சாமான்களுக்குத் துண்டு போட்டவர்கள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதனைப் போர்ட் பிளேரில் ஒருத்தரும் சௌக்கியமா என்று கேட்க மாட்டார்கள். “ஜஹாஸ் கப் ஹை?” என்றுதான் கேட்பார்கள். கப்பல் எப்போதாம்! ரேஷன் கடைக்காரன் கேட்பான், முடிவெட்டுகிறவன் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்பான். பிழைக்க வந்தவன் வேலை முடிந்ததும் மெயின்லாண்டுக்குப் போய்த் தொலைய வேண்டும் என்பது எழுபதுகளில் இங்கே எழுதாத சட்டம். இருபது வருஷம் ஜெட்டியில் சரக்கு இறக்கும் மேஸ்திரியாகக் கத்திய எனக்கு, முதல் வாரத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன இவன்கள் தலையிலா குடியிருக்கிறேன்?

கேட்பதற்குக் காரணம் பாசம் இல்லை, சாமான். கப்பல் ஏறுகிறவன் கட்டில், பெஞ்சு, அம்மியையெல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாது. அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். பத்துபஸ்தியில் எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டில் மதுரைக்காரக் கிளார்க் ஒருவன் இருந்தான். எனக்குப் பிரிவுபசாரம் நடந்த மறுநாளே வந்து, என் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, “அண்ணே, இந்தப் பலங் நமக்குத்தானே?” என்றான். பஸ்ஸில் ஸீட்டுக்குத் துண்டு போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆள் படுத்திருக்கும் கட்டிலுக்குத் துண்டு போட்டவனை அன்றுதான் பார்த்தேன்.

ஊரில் என் தம்பி வெளி அறையை ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு அது போதும் என்று நானே முடிவு செய்தேன். என் மனைவியைக் கேட்கவில்லை. கப்பலுக்கு நாலு நாள் முன்னால் எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டேன். கட்டிலும் அம்மியும் கிளார்க் வீட்டுக்குப் போயின.

கப்பல் வரவில்லை. சென்னையிலேயே இஞ்சின் பழுதாம், அடுத்த மாதம்தான் என்றார்கள். வெறுந்தரையில் படுத்து என் இடுப்பு செத்தது. அதைவிடக் கொடுமை, சட்னி அரைக்க எங்கள் அம்மியையே நாங்கள் இரவல் கேட்க வேண்டியிருந்தது. கிளார்க்கின் பெண்டாட்டி சொல்கிறாள்: “அக்கா, எங்க அம்மில தேங்காய மட்டும் அரைங்க. மொளகா அரைச்சா கழுவ முடியல.”

எங்க அம்மியாம்! நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி தடுத்துவிட்டு அவளே போனாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் கிளார்க்கின் பெண்டாட்டி. தெருவே கூடிவிட்டது. ஒரு மாதம் முழுக்க இதே கூத்துதான். காலையில் சண்டை, சாயங்காலம் அதே வேலி மேல் குழம்புக் கிண்ணம் போய்வரும். வெட்கங்கெட்ட ஜனங்கள்!

ஒருவழியாகக் கப்பல் வந்தது. கிளார்க் மூச்சிரைக்க ஓடிவந்தான். “அண்ணே, ஜஹாஸ் ஆ கயா! நானே ஜெட்டி வரைக்கும் பெட்டிய தூக்கிட்டு வர்றேன்!” அவனுக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அந்த முகத்தில் அத்தனை வெளிச்சம் இல்லை.

நான் டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கினேன். என் மனைவி புடவைகூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“கெளம்புடி, நேரமாச்சு!”

“நான் வரல.”

“இந்தப் பிடுங்கித் தின்னிகளோடயா இருக்கப்போற? தெனமும் சண்டை போட்டுக்கிட்டு?”

“ஆமா, இங்க சண்டை போடுறாங்க” என்றாள். “உங்க தம்பி வீட்டுல நம்மளப் பொறுத்துக்குவாங்க. எனக்கு அது வேணாங்க.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேலா, தம்பி மேலா, என் மேலேயா தெரியவில்லை. வாசலில் கிளார்க் பெட்டிக்காகக் காத்து நின்றான்.

“போய்யா, உன் வேலையப் பாரு” என்று கத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன்.