பாத்திக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

எர்ஃபுர்ட் நகரில் என் மகள் ஆதிரை படிக்கும் ஆரம்பப் பள்ளியில், மூன்றாம் வகுப்பு வாசலில் சேற்றுப் பூட்ஸுகள் வரிசையாக நிற்கும். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை. நம்மூரில் வகுப்பு வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே எது எந்த வீட்டுப் பிள்ளையுடையது என்று சொல்லிவிடலாம். இங்கே எல்லாம் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், எல்லாவற்றிலும் ஒரே சேறு. டாக்டர் மகனுடையது எது, பஸ் ஓட்டுகிறவர் மகளுடையது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. போன வசந்தத்தில் ஒரே ஒரு ஜோடி மட்டும் கடையில் வாங்கிய பளபளப்பு மாறாமல் நின்றது. அது ஆதிரையுடையது. அப்படி நிற்கவைத்தவள் நான்தான்.

இங்கே கணக்கு, பாட்டு போல ஷூல்கார்ட்டன் என்றும் ஒரு பாடவேளை உண்டு. பள்ளித் தோட்டம் என்று அர்த்தம். பிள்ளைகள் கொத்த வேண்டும், களை பிடுங்க வேண்டும், வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. குடம் தூக்கவா என் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறேன் என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டே வகுப்பாசிரியை ஃப்ராவ் பெக்கரைப் பார்க்கப் போனேன். என் மகள் தோட்டத்துக்கு வரமாட்டாள் என்றேன். "மண் அலர்ஜியா?" என்றார். "மண் எங்களுக்கு வேண்டாம்" என்றேன். அவர் முகத்தில் இரக்கம் வந்துவிட்டது. அலர்ஜி என்றே குறித்துக்கொண்டு, டாக்டர் சான்றிதழை மெதுவாகத் தாருங்கள், அதுவரை தோட்ட நேரத்தில் முதல் வகுப்பில் உட்காரட்டும் என்றார். நான் பொய் சொல்லவில்லை. திருத்தவும் இல்லை. எங்கே வலிக்கிறது என்று நோயாளியிடம் கேட்கும் அளவுக்கு என்னிடம் ஜெர்மன் இருந்தது, எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியிலும் தோட்டம் இருந்தது. செம்பருத்தி, கத்தரி, இரண்டு வாழை. காலையில் இரண்டாவது மணி அடித்ததும் வாத்தியார் வாசலில் நின்று, "காலனிப் பிள்ளைகளா, எந்திரிங்க, குடத்தை எடுங்க" என்பார். எழுந்தது எப்போதும் நாங்கள் ஒன்பது பேர்தான். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல், அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்த வீடுகளின் பிள்ளைகள். நான்காம் வகுப்பில் ஒருநாள், "ஏன் சார் நாங்க மட்டும்?" என்று கேட்டுவிட்டேன். "ஒங்களுக்குப் பழகுன வேலைதானே தாயி" என்றார். திட்டவில்லை, அடிக்கவில்லை, தாயி என்றுதான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிகிறது. இரண்டாவது மணி கணக்குப் பாடம். நான் அடிகுழாயில் தண்ணீர் அடிக்கும்போது, உள்ளே மற்றவர்கள் சுற்றளவு, பரப்பளவு என்று ராகம் போட்டுச் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்கும். கரும்பலகை தெரியாது. அம்மாவிடம் சொல்லவில்லை. நாளெல்லாம் வயலில் குனிந்துவிட்டு வருகிறவளிடம் போய், எனக்கும் அதே வேலைதான் என்று எந்த வாயால் சொல்வது? எனக்கொரு பிள்ளை பிறந்தால் அதன் கையில் மண் படாது என்று அந்த அடிகுழாயில் தொங்கிக்கொண்டே முடிவு செய்தேன்.

அந்த முடிவைத்தான் எர்ஃபுர்ட்டில் நிறைவேற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் ஆதிரை கணக்குத் தேர்வுத் தாளை நீட்டினாள். ஐந்து. இங்கே ஒன்றுதான் உயர்ந்த மதிப்பெண், ஐந்து வாங்கினால் தேறவில்லை என்று பொருள். என்ன பாடம் என்றேன். பரப்பளவு என்றாள்.

"எல்லாரும் தோட்டத்துல கயிறும் முளையும் வச்சுப் பாத்தியை அளந்தாங்கம்மா. எத்தனை உருளைக்கிழங்கு நடலாம்னு அங்கேயே கணக்குப் போட்டாங்க. நான் அப்ப முயல் படத்துக்குக் கலர் அடிச்சுக்கிட்டிருந்தேன்."

நான் தாளைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்துக்கு அனுப்பியதால் நான் இழந்த அதே பாடத்தை, தோட்டத்துக்கு அனுப்பாததால் என் மகள் இழந்திருந்தாள். வாத்தியார் பாதியில் விட்டதை நான் முடித்துவைத்திருக்கிறேன். கோபம் கோபமாக வந்தது, திட்டுவதற்கு என்னைத் தவிர அங்கே ஆள் இல்லை.

மறுநாள் காலையில் ஃப்ராவ் பெக்கரிடம் எல்லாவற்றையும் உடைந்த ஜெர்மனில் கொட்டினேன். குடம், காலனி, இரண்டாவது மணி எல்லாம். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில், "டாக்டர் மகனும் தண்ணீர் சுமப்பானா?" என்று கேட்டேன். "ஏன், அவனுக்கும் அலர்ஜியா?" என்று அவர் பதறினார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டி, "ஆல்லே" என்றார். எல்லாரும். அகர வரிசையில் இருபத்திரண்டு பெயர், பெயருக்கு எதிரே கிழமை. என் மகளின் பெயரை இருபத்து மூன்றாவதாக எழுதி வியாழக்கிழமை என்று போட்டார். அந்த வியாழன் சாயங்காலம் ஆதிரை காது மடல்வரை சேறோடு வந்து நின்றாள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். விளாங்குடி தாண்டி திண்டுக்கல் சாலையில் கார் போகும்போதே, நம்ம பள்ளிக்கூடத்திலும் இப்போது இயற்கைத் தோட்டம் போட்டிருக்கிறார்கள் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னான். அவன் மகள் தாரணி அங்கேதான் நான்காம் வகுப்பு படிக்கிறாள். போய்ப் பார்த்தேன். நல்ல தோட்டம்தான். புதிய தலைமை ஆசிரியையும் அன்பானவர், பிள்ளைகள் கையாலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை ஆசையாகப் பேசினார். கீரைப் பாத்தியில் தாரணி வகுப்பின் பதினோரு பிள்ளைகள் வாளியோடு நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பதினொன்றும் எங்கள் தெரு.

"யாரையும் கட்டாயப்படுத்தலை மேடம்" என்றார் ஆசிரியை. "தோட்ட வேலை யாருக்குத் தெரியும்னு கேட்டேன், இவுங்கதான் கை தூக்குனாங்க. இவுங்களுக்கு நல்லா வருது."

"வராத பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கத்தானே மேடம் பள்ளிக்கூடம்?" என்றேன்.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான். "ஏத்தா, ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? நீ பிளைட் ஏறிப் போயிருவ. நாங்கதான இங்க கெடக்கணும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்காக நான் வாயை மூடவில்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அதில் இருந்த வரிசைப்படியே நான்காம் வகுப்பின் அத்தனை பெயரையும் கரும்பலகையில் எழுதினேன். பெயருக்கு எதிரே கிழமை போட்டேன். கணக்குப் பாடத்தையும் பாத்தியிலேயே நடத்துங்கள், யாருக்கும் எதுவும் விட்டுப்போகாது என்றேன். ஆசிரியை பலகையைப் பார்த்துவிட்டு, "பெத்தவங்க சண்டைக்கு வந்தா?" என்றார். வந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள் என்றேன்.

மறுநாளே, நான் பள்ளியில் இருக்கும்போது, ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "கொடம் தூக்கவா எம்பிள்ளை கார்த்தியைப் பள்ளிக்கூடம் அனுப்புறேன்?" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே வாக்கியத்தை நானும் எர்ஃபுர்ட் வரை சுமந்து போனவள்தானே. ஆனால் அவருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் ஒருநாளும் குடம் தூக்கியதில்லை. "ஒங்க மகன் மட்டும் தூக்கலண்ணே, எல்லாரும் தூக்குறாங்க" என்றேன். இந்தப் பள்ளியில் அந்த 'எல்லாரும்' என்ற சொல்லை முழு அர்த்தத்தோடு நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை. முறைத்துக்கொண்டு போனார். மகனை நிறுத்தவில்லை.

ஊரில் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்களே, நல்ல காரியம், போடுங்கள். ஆனால் செடியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பாதீர்கள், பட்டியலை அனுப்புங்கள்.

போன வாரம் தலைமை ஆசிரியை அனுப்பினார். சுவரில் ஒட்டிய சார்ட் அட்டை. கார்த்தி பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்திருக்கிறது, அதில் தாரணி நெருக்கி எழுதியிருந்தாள்: ஆதிரை, ஜெர்மனி, வியாழன். என் மகள் போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அம்மா, வியாழக்கிழமை எனக்கு இங்கேயும் முறை இருக்கே. அங்க யாரு தண்ணி ஊத்துவா?"

"பட்டியல்ல ஒனக்கு அடுத்த பேரு யாரோ, அவங்க."

"கார்த்தி" என்று படித்தாள். சரி என்று சேற்றுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை.