கிழக்குப் பார்த்த அடுப்பு

கனடாவில் இருக்கும் மகள் ஒரு படக் காலண்டர் அனுப்பியிருந்தாள். பனிப் பிரதேசத்தில் வாழும் இனுயிட் ஓவியர்கள் இப்போது வரைகிற படங்களாம். பனிக்கரடி, பனிவீடு எல்லாம் இருக்கும் என்று பிரித்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. ஓர் அடுப்படி. தரையில் அட்டையை விரித்து, சீல் என்கிற கடல்நாயின் கறியைச் சுற்றி வீடே உட்கார்ந்து சாப்பிடுகிறது. சுவரில் கடிகாரம், மூலையில் டிவி, கெட்டில், பிஸ்கட் டப்பா, கதவோரம் கழற்றிப் போட்ட பூட்ஸுகள். வரைந்தவர் ஒரு சாமானையும் விட்டுவைக்கவில்லை.

"நம்மூடு மாதிரியே இல்லீங்களாப்பா?" என்றாள் போனில். "அம்மாவோட அடுப்படியையும் இப்படி வரஞ்சு மாட்டோணும். ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

அவள் அம்மா இறந்து மூன்று மாதம். அப்போது பிரசவ நேரம் என்பதால் மகளால் வர முடியவில்லை. அந்த அடுப்படி இப்போது இல்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. கருமாதிக்கு முன்னால் என் அக்கா கேட்டார், "ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கோணும் சாமி. அடுப்படியையும் ஒதுங்க வெச்சரட்டுமா?" செய்யுங்க என்றேன். வீட்டையே இடித்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரன். முப்பது வருடம் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். குழியிலிருந்து பறக்கும் தூளின் நிறத்தைப் பார்த்தே கீழே பாறை எப்படி என்று சொல்லிவிடுவேன். என் வீட்டு அடுப்படியில் உப்பு எங்கே இருந்தது என்று கேட்டால் தெரியாது. வெட்கமாக இருக்க வேண்டும். அதுவும் இல்லை. எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

போட்டோ எடுத்தால் வெள்ளைச் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நானே பென்சிலில் வரைந்து அனுப்பினேன். கிழக்குச் சுவரோரம் மேசை, அதன்மேல் அடுப்பு, முன்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள். கிழக்குப் பார்த்துத்தானே யாரும் சமைப்பார்கள். இப்போதும் அடுப்பு அங்கேதான் இருக்கிறது.

"அடுப்பு இந்தப் பக்கமில்லீங்கப்பா" என்றாள் மகள்.

"சுண்ணாம்பு அடிச்சப்ப அத்தை மாத்தி வெச்சிருப்பாங்க சாமி" என்று உளறிவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"அம்மா மேக்க பாத்துத்தானுங்க சமைப்பாங்க. அத்தை எத்தன தடவ சொல்லியும் மாத்தலீங்க. மேக்குச் சன்னல்ல ரோடு தெரியுமுங்கப்பா. உங்க வண்டி முக்குல திரும்பறதப் பாத்துட்டுத்தான் ஒலை வெப்பாங்க."

வருகிறேன் என்று போன் செய்துவிட்டு வரும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. வந்து, குளித்து, இலை முன்னால் உட்கார்ந்தால் சோறு சூடாக இருக்கும். சோறென்றால் அப்படித்தான் இருக்கும் என்று முப்பது வருடம் சாப்பிட்டிருக்கிறேன்.