வயிற்றெரிச்சலும் சுத்தக் கணக்கும்

கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேப்பில் எங்கள் வேலை, வருகிற பவுடரை எரித்து அது எவ்வளவு சுத்தம் என்று பார்ப்பது. எரியும்போது வரும் கரியமில வாயுவை ஒரு கண்ணாடிக் குழாய் பிடித்துக்கொள்ளும். குழாயின் எடை எவ்வளவு கூடுகிறதோ அதுதான் கணக்கு. வாயு குறைந்தால் எரியாத உப்பு ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து நாற்காலியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு மீதியெல்லாம் தானே புரியும்.

ஏ.சி. அறை

பிள்ளைகள் தலையெடுத்த பிறகு வேலைக்கு வந்தவள் நான். கவரைப்பேட்டையிலிருந்து நானும் சசிகலாவும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து ஒன்றாகச் சேர்ந்தோம். அவளுக்குத் தராசு இருக்கும் ஏ.சி. அறை, எனக்கு உலை. பிறகு மாற்றிப் போடுவதாக லேப்பைப் பார்த்துக்கொள்ளும் கெமிஸ்ட் தம்பி சொன்னார். அந்த நாற்காலிக்காகத் தினமும் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். நான் வேர்த்து வழிந்து சாப்பிட உட்கார்ந்தால், புடவை மடிப்புக் கலையாமல் வந்து அவள் சொல்வாள்: "இன்னாக்கா, உள்ள ஒரே குளுரு. நாளைக்கு சால்வை எடுத்துக்கினு வரணும்."

நூற்றுக்கு மேலே

ஒரு நாள் ஒரு பவுடர் நூற்றுக்கும் மேலே சுத்தம் என்று கணக்கு வந்தது. விசாரித்தால், கை வறளுகிறதென்று சசி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, எடை போடும்போது இடுக்கி இல்லாமல் குழாயைத் தொட்டிருக்கிறாள். எண்ணெயும் எடையில் ஏறிவிட்டது. மனசுக்குள் 'மாதாவே, நன்றி' என்றேன். நாற்காலி கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன். கெமிஸ்ட் தம்பி சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "நூத்துக்கு மேல சுத்தம் உங்க மாதா ஒருத்தர்தாம்மா. இன்னொரு வாட்டி எரிச்சிடுங்க."

சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேரே வேலைக்கு வந்தேன். எரிந்து முடிந்த பீங்கான் கிண்ணத்தை இழுத்தால், அடியில் வெள்ளையாக மிச்சம். கெமிஸ்ட் தம்பியின் கண் என் நெற்றிக்குப் போனது. "அக்கா நெத்தியிலர்ந்து கொட்டியிருக்கும் சார்" என்றாள் சசி.

பூசைச் சாம்பலைத் துடைக்க மனசு வரவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இன்னொரு சிட்டிகை எரித்தேன். அதே வெள்ளை. கலப்படம் பவுடரில்தான். இப்போதாவது என்னை மாற்றுவார் என்று தராசு அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னார்: "இவ்ளோ சூட்ல மூஞ்சி சுளிக்காம நிக்கிறது நீங்கதாம்மா. உலை உங்களுக்கே பர்மனென்ட்டு. சசி உள்ளயே இருக்கட்டும்."

பவுடரை எரித்தால் அது எவ்வளவு சுத்தம் என்று லேப்புக்குத் தெரியும்; வயிறு எரிந்தால் என் ஜெபம் எவ்வளவு சுத்தம் என்று மாதாவுக்குத் தெரியும்.