பள்ளி விடும் நேரமும் மாறியிருந்தது!

வெயில் காரணமாக, என் மகள் பவித்ராவின் பள்ளியை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்குவதாகச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவளைச் சீக்கிரமே கிளப்பி அனுப்பினேன். பள்ளி விடுவதும் ஒரு மணி நேரம் முன்னதாகத்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நான் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வழக்கம்போல் மாலையில் கம்பெனி வேன் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டது. கேட் பூட்டிக் கிடந்தது!

எதிரே பூ விற்கும் அக்கா பதறிப்போய், "இம்புட்டு நேரம் இங்கனதான் நின்னுச்சு. அம்மா கம்பெனிக்கே போறேன்னு இப்பத்தான் சாத்தூர் பஸ்ஸுல ஏறிருச்சு. நான் கூப்பிட்டது கேக்கல" என்றார்.

என் கம்பெனி இருப்பதோ நேர் எதிர்த்திசையில்!

அழுதுகொண்டே ஓடிய என்னை ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தி விசாரித்தார். "ஏறுங்கக்கா, பிடிச்சுரலாம்!" என்றார். ஹாரன் அடித்தபடியே பறந்தோம். தூரத்தில் பஸ் தெரிந்தது. ஆனால் நெருங்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து முன்னால் ரயில்வே கேட் இறங்கியது! பஸ் நின்றது. குதித்து ஓடினேன்.

ஜன்னலோரம் பவித்ரா. "அம்மா, நீயும் இந்த பஸ்ஸுக்கா வந்த?" என்று சிரித்தாள். அவளை இறக்கி, நடுரோட்டிலேயே கட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் நேரம் மாறினால், பள்ளி விடும் நேரத்தையும் டீச்சரிடமே கேட்டுவிடுகிறேன். நான் வரும்வரை பள்ளி கேட்டைத் தாண்டக் கூடாது என்றும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். நேற்று வாசலில் நின்று கூப்பிட்டால், "கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு நீதான சொன்ன? வர மாட்டேன், நீ உள்ள வந்து கூட்டிட்டுப் போ" என்கிறாள்!